உஷார்! ஆற்றைச் சீரமைக்க வருகிறார்கள்

உங்கள் ஊர் ஆற்றைச் சீரமைக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தால், கைதட்டுவதற்கு முன் திட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் இரு கரையிலும் கான்கிரீட் சுவர், சுவருக்கு மேலே நடைபாதை, அலங்கார விளக்கு, படகுத்துறை, செல்ஃபி எடுக்க ஒரு மேடை என்று மட்டும் இருந்தால், அன்றே ஊரைக் கூட்டுங்கள். அந்த வேலை ஆற்றின் படுகையைப் பறித்துவிடும். அதைத் திரும்ப வாங்க உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை ஆகும். வாங்க முடியாமலும் போகலாம்.

மிகையாகப் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஓடும் கிஸ்ஸிமி ஆற்றின் கதையைக் கேட்க வேண்டும். வளைந்து நெளிந்து 166 கிலோமீட்டர் ஓடி ஓகீச்சோபி ஏரியில் கலந்த ஆறு அது. மழைக்காலத்தில் இருபுறமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி, மாதக்கணக்கில் படுகையில் நின்று, மெல்ல வடியும். 1940களின் கடைசியில் பெருமழையும் சூறாவளியும் வந்து ஊர்கள் மூழ்கின. வெள்ளத்தைச் சீக்கிரம் கடத்திவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1962 முதல் 1971 வரை ராணுவப் பொறியாளர்கள் அந்த ஆற்றை நேராக வெட்டினார்கள். 166 கிலோமீட்டர் ஆறு, 90 கிலோமீட்டர் நீளமும் 9 மீட்டர் ஆழமும் கொண்ட கால்வாயாகிவிட்டது. சி-38 என்று எண்ணும் போட்டார்கள்.

வெள்ளம் சீக்கிரம் வடிந்தது, அதில் பொய்யில்லை. கூடவே எல்லாமே வடிந்தது. படுகையின் சதுப்பு காய்ந்து மேய்ச்சல் நிலமாயிற்று. குளிர்காலத்தில் வந்திறங்கும் வாத்துகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காணாமல் போயின. ஆழமான, அசைவற்ற கால்வாய்த் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்ததால் நல்ல மீன்கள் போய், மூச்சுமுட்டும் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும் மீன்களே மிஞ்சின. கால்வாய் வெட்டி முடிப்பதற்குள்ளேயே அதை மூடச் சொல்லிக் குரல் எழும்பிவிட்டது. ஆனாலும் நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்க 1992 ஆயிற்று. மண்ணைப் போட்டு மூடும் வேலை 1999-ல் தொடங்கி 2021-ல்தான் முடிந்தது. மூடியது சுமார் 35 கிலோமீட்டர் கால்வாய். திரும்பி வந்தது 70 கிலோமீட்டர் ஆறும் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் படுகையும். செலவு நூறு கோடி டாலரை நெருங்கியது. வெட்டிய செலவைப் போலப் பல மடங்கு. அதில் கணிசமான பகுதி எதற்குப் போனது தெரியுமா? கால்வாய் வந்த பிறகு படுகையில் குடியேறியவர்களிடமிருந்தும் பண்ணை போட்டவர்களிடமிருந்தும் நிலத்தை விலைகொடுத்து வாங்குவதற்கு. ஆறு இழந்ததில் பாதிக்கு மேல் இன்னும் கால்வாயாகத்தான் கிடக்கிறது.

நல்ல சேதியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கால்வாயை மூடிப் பழைய வளைவுகளில் தண்ணீரை விட்டதும், அடியில் படிந்திருந்த கறுப்புச் சேற்றை ஓட்டம் அரித்துக்கொண்டு போனது. மணல் திட்டுகள் மறுபடி எழுந்தன. நாரைகளும் கொக்குகளும் வாத்துகளும் வந்தன. யாரும் பிடித்துவந்து விடவில்லை. வெள்ளம் வந்து நிற்க இடம் கிடைத்தது, அவை தாமாக வந்தன. ஆற்றைச் சீரமைப்பது என்றால் இதுதான். மற்றதெல்லாம் கட்டட வேலை.

இப்போது நம் பக்கம் வருவோம். சென்னையில் 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்று வெள்ளம் ஈக்காட்டுதாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வீடுகளுக்குள் நுழைந்தது. ஏரியை முன்கூட்டியே திறந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது, அது தீரவுமில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போய் நின்றிருக்க வேண்டும் என்ற கேள்வியை நாம் அவ்வளவு சத்தமாகக் கேட்கவில்லை. நிற்க வேண்டிய படுகையில் குடியிருப்புகள் இருந்தன. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை ஆற்றின் மேலேயே பாலம் போட்டுப் போகிறது. அந்த விமான நிலையம் டிசம்பர் 6 வரை மூடிக்கிடந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகும் ஆற்றோரம் மனை விற்பனை நிற்கவில்லை. ‘ரிவர் வியூ’ என்று விளம்பரம் வருகிறது. அங்கே அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள், 2015-ல் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று பக்கத்து வீட்டுச் சுவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மதுரையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வைகையின் இரு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டார்கள். ஆற்றின் அகலம் குறைந்துவிட்டது என்று ஊர்க்காரர்கள் அப்போதே சொன்னார்கள். வைகையில் தண்ணீர் வருவதே அபூர்வம், பிறகு எதற்கு அத்தனை அகலம் என்று கேட்பவர்கள் உண்டு. ஆபத்தான கேள்வி அது. வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் ஆறுதான் ஒரே ராத்திரியில் கரைபுரண்டு வரும். 1993-ல் மதுரை அதைப் பார்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரை ஊர்கள் தீவுகளாகிப்போயின. நம் மழை இனி இப்படித்தான் வரப்போகிறது என்னும்போது ஆற்றின் இடுப்பை இறுக்குவது தற்கொலைக்குச் சமம்.

இந்த மாதிரி வேலைகளுக்கெல்லாம் முன்மாதிரியாகக் காட்டப்படுவது அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றங்கரை. ஆற்றை ஒரே சீரான அகலத்துக்கு ஒடுக்கி, 200 ஹெக்டேருக்கு மேல் நிலத்தை ‘மீட்டார்கள்’. யாரிடமிருந்து மீட்டார்கள்? ஆற்றிடமிருந்து. சுவர்களுக்கு நடுவே நிற்பது பெரும்பாலும் நர்மதைக் கால்வாயிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். ஊரைத் தாண்டிக் கீழே போனால் ஆற்றில் ஓடுவது கழிவு. 2021-ல் குஜராத் உயர்நீதிமன்றம் அந்த மாசு பற்றித் தானாகவே வழக்கு எடுத்து விசாரிக்க வேண்டி வந்தது. படம் பிடிக்க நன்றாக இருக்கும் ஆறு உயிரோடு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

படுகையில் என்னதான் இருக்கிறது என்று கேட்கலாம். சேறும் கோரையும் நாணலும் மணல் திட்டும் இருக்கின்றன. திட்டமிடுபவர் கண்ணுக்கு வீண் நிலம். விரால் முட்டையிடுவது ஓடும் தண்ணீரில் அல்ல, புல்லுக்குள் பரவி நிற்கும் ஆழமில்லாத வெள்ளத்தில். முதல் வெள்ளத்துக்கு எதிர்த்து ஏறிவரும் ஏத்துமீன், ஆற்றிலிருந்து ஓடைக்கும் வாய்க்காலுக்கும் வயலுக்கும் போவது இனப்பெருக்கத்துக்காக. நேர்குத்தாக ஒரு சுவர் நின்றால் அது எதன் மேல் ஏறும்? ஆற்று ஆலா கோடையில் வெறும் மணல் திட்டில் முட்டையிடும். கூடு கூடக் கட்டாது. பொக்லைன்கள் ஆற்றில் இறங்குவதும் அதே கோடையில்தான். காவிரியிலும் கொள்ளிடத்திலும் இருக்கும் நீர்நாய்க்கு வளை தோண்ட மண் கரையும் மறைந்திருக்க நாணலும் வேண்டும். நமக்கும் கணக்கு இருக்கிறது. மணலும் படுகையும் குடித்து வைத்திருக்கும் தண்ணீர்தான் கோடையில் ஊற்றாகவும் உறைகிணறாகவும் கரையோரக் கிணறுகளாகவும் நம்மிடம் திரும்பி வருகிறது.

‘தூர்வாருகிறோம்’ என்ற சொல்லைக் கேட்டாலும் கவனமாக இருங்கள். ஏரிக்கும் வாய்க்காலுக்கும் தூர்வாருவது தேவையான வேலை. ஆற்றில் அந்தப் பெயரைச் சொல்லி மணல் அள்ளினால் ஆற்று மட்டம் இறங்கும், கிணற்று மட்டம் கூடவே இறங்கும், பாலத்தின் கால்கள் வெளியே தெரியும். 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் சரிந்தது. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அளவில்லாமல் மணல் அள்ளியதைத்தான் விவசாயிகள் காரணமாகச் சொன்னார்கள். ஆற்றில் மண்டிய சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குவது வரவேற்கத்தக்கது. ஆனால் பிடுங்கிய இடத்தில் நாணலோ நீர்மருதோ புங்கனோ வராவிட்டால் இரண்டு மழைக்குள் கருவேலமே திரும்பிவிடும்.

சட்டம் காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்கவும் முடியாது. வெள்ளப் படுகையில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வரையறுக்க மத்திய அரசு 1975-லேயே மாதிரி மசோதா ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. பெரும்பாலான மாநிலங்கள் அதைச் சட்டமாக்கவில்லை. தமிழ்நாடும் ஆக்கவில்லை. நெதர்லாந்து நாட்டில் 1995-ல் வெள்ள அபாயத்தால் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்த பிறகு, கரையை இன்னும் உயர்த்திக்கொண்டே போவதை விட்டுவிட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைத் தள்ளி வைத்தும் படுகையைத் தாழ்த்தியும் ஆற்றுக்கு இடம் கொடுத்தார்கள். நிலத்தில் ஒரு பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும், அங்குல நிலத்துக்கும் ஆலாய்ப் பறக்கும் நாடு அது. அவர்களால் முடிந்தது.

எனவே திட்டம் வந்தால் இவற்றைக் கேளுங்கள். விரிவான திட்ட அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். வேலை முடிந்த பிறகு ஆற்றின் அகலம் கூடுமா, குறையுமா? இந்த ஒரு கேள்விக்கே பாதித் திட்டங்களின் சாயம் வெளுத்துவிடும். பெருவெள்ளம் எந்த சர்வே எண் வரை வரும் என்று குறித்திருக்கிறார்களா? சாக்கடை ஆற்றில் விழுவதை நிறுத்த என்ன வழி, அதற்கு எவ்வளவு பணம், சுவருக்கு எவ்வளவு பணம்? கரையோரம் காலி செய்யச் சொல்வது ஏழைக் குடிசைகளை மட்டும்தானா, இல்லை பக்கத்தில் நிற்கும் பெரிய கட்டடங்களையும் சேர்த்தா? குடிசையை அகற்றிவிட்டு அதே இடத்தில் பூங்காவும் உணவகமும் வந்தால் ஆற்றுக்கு ஒரு அடி கூடத் திரும்பக் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

சுவர் எழும்பிய பிறகு போராடுவதில் பெரிய பலன் இருக்காது. இடிக்க யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். டெண்டர் விடும் முன்பே பேச வேண்டும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூட்டப்பட வேண்டும். ஆற்றங்கரை ஊரில் இருப்பவர்கள் அன்று தவறாமல் போங்கள். எங்கள் ஆற்றின் அகலத்தைக் குறைக்கும் எந்த வேலையும் வேண்டாம், படுகையை அளந்து கல் நட்டுத் தாருங்கள் என்று தீர்மானம் போட்டு, அதன் நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.