நிழல் தெற்கே விழும் நாள்

ஜூன் 21 அன்று நண்பகலில், சென்னையில் ஒரு மொட்டை மாடியில், ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பை நேராக நிறுத்திப் பாருங்கள். நிழல் சுமார் 18 சென்டிமீட்டர்தான் இருக்கும். கவனிக்க வேண்டியது அதன் திசையை. நிழல் தெற்கே விழும். ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதம் சென்னையின் நண்பகல் நிழல் வடக்குப் பக்கம்தான் விழுகிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே நகர்ந்ததும் நிழல் பக்கம் மாறுகிறது. அந்த வடக்கு நோக்கிய பயணம் முடிந்து சூரியன் திரும்பத் தொடங்கும் நாள்தான் ஜூன் 21. சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாக வரும். இதைக் கோடைக் கதிர்த்திருப்பம் என்கிறோம்.

உலகின் பல மூலைகளில் இந்த நாள் பெரிய திருவிழா. எங்கே, எப்படி, எதற்காகக் கொண்டாடுகிறார்கள்? நாம் கொண்டாட விரும்பினால் என்ன செய்யலாம்?

என்ன நடக்கிறது?

பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு மாறாமலே பூமி சூரியனைச் சுற்றி வருகிறது. அதனால் ஜூனில் வட அரைக்கோளம் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும். டிசம்பரில் தென் அரைக்கோளம். ஜூன் 21 அன்று கடக ரேகையில் உள்ள ஊர்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வட அரைக்கோளம் முழுவதற்கும் அன்றுதான் ஆண்டின் மிக நீண்ட பகல்.

எவ்வளவு நீண்ட பகல் என்பது ஊரைப் பொறுத்தது. கன்னியாகுமரியில் அன்றைய பகல் சுமார் 12 மணி 35 நிமிடம். சென்னையில் சுமார் 12 மணி 53 நிமிடம். சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பதினெட்டரை மணி நேரம். அதே நாட்டின் வடகோடியில் உள்ள கிருணாவில் சூரியன் மறைவதே இல்லை. ஆனால் டிசம்பரில் ஸ்டாக்ஹோமுக்குக் கிடைப்பது ஆறு மணி நேரப் பகல்தான். அந்த இருட்டைக் கடந்து வந்தவர்களுக்கு ஜூன் வெளிச்சம் என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், வட ஐரோப்பிய நாடுகளில் இந்த விழா ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது விளங்கும்.

பூக்கம்பமும் தவளை ஆட்டமும்

சுவீடனில் இதன் பெயர் மிட்சொம்மார், அதாவது நடுக்கோடை. முன்பு ஜூன் 23 மாலையில் கொண்டாடினார்கள். 1953 முதல், ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார்கள். அன்று நகரங்கள் வெறிச்சோடும்; ஊர்ப்புறத்துக்கும் ஏரிக்கரைக்கும் தீவுகளுக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள்.

காலையில் பூப்பறிப்பு. வயலோரத்துக் காட்டுப்பூக்களையும் பிர்ச் மர இலைகளையும் கூடைகளில் சேர்த்து வந்து, ஆளுக்கொரு தலைமாலை கட்டிக்கொள்கிறார்கள். மீதித் தழையையும் பூவையும் ஓர் உயரமான கம்பத்தில் சுற்றுகிறார்கள். கம்பத்தின் குறுக்குக் கட்டையின் இரு முனைகளிலும் இரண்டு பூவளையங்கள் தொங்கும். பின்பு பலர் சேர்ந்து, நீளக் கழிகளால் முட்டுக் கொடுத்துக் கொடுத்து, அந்தக் கம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள். நம் ஊரில் பந்தக்கால் நடும் நேரத்துப் பரபரப்பு அங்கும் இருக்கும். கம்பம் நின்றதும் கைகோத்து வட்டமாக ஆட்டம். அதில் தவளைப் பாட்டு ஒன்று உண்டு. தவளைக்குக் காது இல்லை, வால் இல்லை என்று பாடும்போது கையைக் காதருகிலும் முதுகுக்குப் பின்னாலும் வைத்து அசைத்துக்கொண்டே எல்லோரும் தத்தித் தத்திச் சுற்றுவார்கள். பாட்டியும் தத்துவார், பேரனும் தத்துவான்.

சாப்பாட்டில் ஊறுகாய்ப் பக்குவத்தில் போட்ட ஹெர்ரிங் மீன், சதகுப்பைத் தழையோடு வேகவைத்த புது உருளைக்கிழங்கு, புளித்த பாலேடு, கடைசியில் ஸ்ட்ராபெரி. பெரியவர்களுக்குச் சின்னக் கோப்பையில் மது. குடிக்கும் முன் ஒரு பாட்டு. இரவில் இளம்பெண்கள் ஏழு வகைப் பூக்களைப் பேசாமல் பறித்து வந்து தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால், கட்டிக்கொள்ளப் போகிறவன் கனவில் வருவான் என்பது பழைய நம்பிக்கை.

விடியும்வரை அணையாத நெருப்பு

பால்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் லாத்வியாவில் ஜூன் 23, 24 இரண்டும் அரசு விடுமுறை. லீகோ, யானி என்று பெயர். ஆண்கள் ஓக் இலை மாலையும் பெண்கள் பூமாலையும் தலையில் சூடுகிறார்கள். சீரகம் போன்ற கேரவே விதை சேர்த்த பாலாடைக்கட்டியும் பீரும் வீட்டுக்கு வருவோருக்கெல்லாம் உண்டு. சூரியன் மறையும்போது மூட்டும் நெருப்பு, மீண்டும் உதிக்கும்வரை அணையக் கூடாது. இடைப்பட்ட அந்தச் சில மணி நேரம் வெளிச்சத்தைக் காத்து வைப்பது மனிதர் பொறுப்பு என்பது போன்ற ஓர் ஏற்பாடு. இரவு முழுக்கத் தூங்காமல் பாடுவார்கள். சோவியத் ஆட்சியில் இந்த விழாவுக்குத் தடை வந்தபோதும் வீடுகளில் பாட்டு நிற்கவில்லை.

பின்லாந்தில் ஏரிக்கரைகளில் பெரிய சொக்கப்பனைகள் எரியும். வீட்டு வாசலில் இருபுறமும் பிர்ச் கன்றுகளை நிறுத்துவார்கள். சௌனா வெந்நீராவிக் குளியலுக்குப் பிறகு ஏரியில் இறங்குவார்கள். அன்று ஒருநாள் தேசியக்கொடி இரவிலும் இறங்காமல் பறக்கும்.

திருமுழுக்கு யோவானின் பிறந்தநாளை ஜூன் 24 அன்று திருச்சபை கொண்டாடியதால் இந்த விழாக்கள் அதனோடு கலந்துவிட்டன. யானி என்ற லாத்வியப் பெயரும் யுஹானுஸ் என்ற பின்லாந்துப் பெயரும் யோவானிலிருந்து வந்தவையே. நாள் இரண்டு மூன்று தள்ளிப் போனாலும் குறையில்லை. கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில நாள்கள் சூரியனின் உயரம் கண்ணுக்குத் தெரியும்படி மாறுவதில்லை.

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்கு அன்று இரவு ஆயிரக்கணக்கானோர் வந்து விடியலுக்குக் காத்திருக்கிறார்கள். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் நிறுத்திய பெருங்கற்களின் அச்சு, கதிர்த்திருப்ப நாளில் சூரியன் உதிக்கும் திசையை நோக்கியிருக்கிறது. பெருவின் குஸ்கோ நகரில் ஜூன் 24 அன்று இன்கா மரபின் சூரிய விழாவான இந்தி ராய்மி நடக்கிறது. அங்கே அப்போது குளிர்காலம். ஆகவே அது சூரியனைத் திரும்பி வரச் சொல்லி அழைக்கும் விழா.

நமக்கு ஏன் இல்லை?

நம் வெயில் வேறு கணக்கு. சூரியன் நம் உச்சியை ஏப்ரலிலேயே கடந்துவிடுகிறது. மே மாதக் கத்திரி வெயிலில் வாடிவிடுகிறோம். ஜூன் 21 வரும்போது ஆனி பிறந்து, குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருக்கும். பகலும் குளிர்காலத்தைவிட ஒன்றரை மணி நேரம்தான் கூடுதல். வெளிச்சத்துக்கு ஏங்காத மண்ணில் வெளிச்சத்துக்குத் தனி விழா பிறக்கவில்லை.

ஆனால் சூரியன் திரும்புவதை நம்மவர்கள் கவனிக்காமல் இல்லை. தட்சிணாயனம் என்பது இந்தத் திருப்பம்தான். பஞ்சாங்கம் அதை ஆடி முதல் தேதியில், ஜூலை நடுவில் வைக்கிறது. பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டை அளக்கிறது. பூமியின் அச்சோ பம்பரம்போல மெல்லத் தலையாட்டுவதால் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி விழுகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இருந்தன.

நாம் கொண்டாட ஒரு வழி

வட ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் அங்குள்ள விழாவில் கலந்துகொள்ளலாம். ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பூக்கம்பம் நடுவதை யாரும் போய்ப் பார்க்கலாம். இங்கிருப்பவர்களுக்கு என் யோசனை, முதலில் சொன்ன கம்புதான். இதற்கு இரண்டு வீடுகள் வேண்டும்: ஒன்று சென்னையில், மற்றொன்று கன்னியாகுமரியில்.

ஒரு மீட்டர் கம்பைச் சமதரையில் நூல்குண்டு பிடித்து நேராக நிறுத்துங்கள். சென்னையில் நண்பகல் சுமார் 12:11க்கு, கன்னியாகுமரியில் சுமார் 12:22க்கு. அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே நிழல் முனையில் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். மிகக் குட்டையான நிழலே கணக்கு. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். மேகம் மறைத்தால் அடுத்த நாள் இருவருமாகச் செய்யலாம். சென்னையில் சுமார் 18 சென்டிமீட்டரும் குமரியில் சுமார் 27 சென்டிமீட்டரும் வரும். கம்பையும் நிழலையும் தாளில் சிறிதாக வரைந்து, இரண்டின் முனைகளையும் கோட்டால் இணைத்து, கம்பின் உச்சியில் உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் அது ஓரிடத்தில் 10 பாகையை ஒட்டியும் மற்றதில் 15 பாகையை ஒட்டியும் இருக்கும். வித்தியாசம் ஐந்து பாகை. பூமி வளைந்திருப்பதால் வரும் வித்தியாசம் அது.

ஐந்து பாகை என்பது முழு வட்டத்தில் 72இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்கு–தெற்காக சுமார் 555 கிலோமீட்டர். அதை 72ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். அதுவே பூமியின் சுற்றளவு. எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் இதே நாளை வைத்து, இதே முறையில்தான் பூமியை அளந்தார்.

சாக்பீஸ் அழிவதற்குள் மிகக் குட்டையான நிழலின் புள்ளிமேல் ஒரு துளி பெயின்ட் வைத்துவிடுங்கள். டிசம்பர் 21 அன்று அதே இடத்தில் கம்பை நிறுத்தினால், சென்னையில் நிழல் 74 சென்டிமீட்டருக்கு வடக்கே நீளும். அங்கே இன்னொரு புள்ளி. உங்கள் வீட்டுச் சூரியன் போய்வரும் தூரம் முழுவதும் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும்.