உங்களுக்குத் தெரியுமா? ஈய மண்ணில் ஒளி என்னும் அளவுகோல்

மலாயாவின் நிலவியல் ஆய்வுத் துறை தொடங்கிய ஊர் பத்து காஜா! 1903-இல் முதல் நிலவியலாளராக வந்த ஜே.பி. ஸ்கிரிவனரின் அலுவலகம் இங்கேதான் இருந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் கொழித்த காலம் அது.

✦ பாறையை நிலவியலாளர்கள் எப்படிப் படிக்கிறார்கள்? ஒரு சில்லை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கிறார்கள். காகிதத்தைவிட மெல்லியது அது. பிறகு, ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளியில் அதை நுண்ணோக்கி வழியே பார்க்கிறார்கள். கனம் சரிதானா என்பதையும் அந்த ஒளியே சொல்லிவிடும். பாறையிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் நல்ல மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். சாம்பலும் வெள்ளையுமாக மாறிவிட்டால் போதும், கையை எடுத்துவிடலாம். நிறத்தைக் கொண்டே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கும் இந்த வித்தையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

✦ சில படிகங்களுக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரிந்து, இரு வேகங்களில் ஓடும். ஈயத் தாதுவில் இந்த வேறுபாடு குவார்ட்ஸைவிடச் சுமார் 10 மடங்கு. தஞ்சோங் துவாலாங்கின் 5-ஆம் எண் ஈயவாரிக் கப்பல் 1938 முதல் 1982 வரை வாரியெடுத்தது இந்தத் தாதுவைத்தான்.

✦ ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் கால்சைட்டால் ஆனவை. 1828-இல் வில்லியம் நிக்கல் ஒளியை வடிகட்டும் பட்டகம் செய்ததும் கால்சைட்டில்தான். அவருக்குக் கிடைத்தது ஐஸ்லாந்தின் தெளிந்த படிகம்.

✦ லேசர் பிறப்பதற்கு 4 ஆண்டுகள் முன்பே, 1956-இல், பெங்களூரு ராமன் ஆய்வு நிலையத்தில் 22 வயது எஸ். பஞ்சரத்தினம் ஓர் உண்மையைக் கண்டார். ஒளியின் அதிர்வு நிலையைப் படிப்படியாக மாற்றி, தொடங்கிய நிலைக்கே கொண்டுவந்தாலும், அலை சற்று நகர்ந்திருக்கும். இன்று லேசர் அளவீட்டில், ஆடியை அசைக்காமல் ஒரு படிகத் தகட்டைத் திருப்பியே அலையை நகர்த்த இது கைகொடுக்கிறது. சி.வி. ராமனின் சகோதரி மகனான இவர் 35 வயதிலேயே மறைந்தார். நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டிய பெயர்.

✦ ஒளியை இரண்டாகப் பிரிப்பதில், நம் பாட்டிமார் சீவிய பால்மரத்தின் ரப்பரும் அந்தப் படிகங்களைப் போலத்தான். ஒளி ஊடுருவும் மெல்லிய ரப்பரை இழுத்தால், சுருண்டு கிடந்த அதன் இழைகள் ஒரு திசையில் நீளும். ஒளி அதிலும் இரு வேகங்களில் ஓடும். இழுவிசை கூடக் கூட வேறுபாடும் கூடும். வீட்டிலேயே பார்க்க ஆசையா? கணினித் திரையை வெள்ளையாக்குங்கள். போலராய்ட் கறுப்புக் கண்ணாடியைத் திரை இருளும் வரை திருப்புங்கள். நடுவே ஒரு தெளிவான பிளாஸ்டிக் அடிக்கோலை நீட்டுங்கள். வானவில் நிறங்கள் நெருக்கியடித்து நிற்கும் இடங்களில், வார்த்தபோது உறைந்துபோன அழுத்தம் இன்னும் அப்படியே இருக்கிறது.