நோயாளிக்காக ஒரு சைக்கிள் பயணம்

அடையாற்றில் 1954-ஆம் ஆண்டில் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரியை நம் அங்கத்தினர் பலரும் அறிவர். தம் சகோதரி அந்நோயால் மாண்ட துயரமே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை அப்பணியில் ஈடுபடுத்திற்று.

அமெரிக்காவில் பில்லி ஸ்டார் என்பவர், 1974-இல் தாயாரைத் தோல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தபின், வேறு வழி கண்டார். 1980-இல் 36 பேர் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் குறுக்கே இரண்டு நாள் சைக்கிளில் சென்று 10,200 டாலர் திரட்டினர். ஆண்டுதோறும் நடைபெறும் அப்பயணம் இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் ஈட்டியுள்ளது. பயணிகள் திரட்டும் நன்கொடை முழுவதும் பாஸ்டன் நகரப் புற்றுநோய் நிலையத்துக்கே சேருகிறது. நிர்வாகச் செலவு வேறு வருவாயிலிருந்து. கணக்கு பார்த்துப் பழகிய நமக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

செவ்வாப்பேட்டை வாலிபர்கள் இவ்வாறு புறப்பட எண்ணினால் மூன்று மாதப் பயிற்சியேனும் வேண்டும். தறி மிதித்த கால்களுக்கு வலு உண்டு. மூச்சும் இடுப்புமே பழக வேண்டியவை. வாரத்தில் ஒரு நாள் நீண்ட சவாரி. அதன் தூரத்தை வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டுக. பெடல் கீழிறங்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு ஆசனத்தை உயர்த்துக. தாழ்ந்த ஆசனம் முழங்காலைக் கெடுக்கும். குடிநீரும் வாழைப்பழமும் உடனிருக்கட்டும். லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையை இருட்டில் தவிர்க்க வேண்டும். வீட்டு நோயாளியின் மருந்து வேளையில் பயிற்சிக்குக் கிளம்பலாகாது.

நன்கொடை வாங்குமுன் வரிசை எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் அச்சிடுக. சேர்ந்த தொகையைப் பயணம் முடிந்த மறுநாளே ஆஸ்பத்திரிக் கணக்கில் செலுத்திவிடுக.