மாம்பழ ஈயின் முகத்தைப் பார்த்ததுண்டா?

பொன்னிறமாய்ப் பழுத்த மாங்கனியை ஆசையோடு அறுத்தால், உள்ளே வெண்புழுக்கள் நெளிகின்றன. பழம் அழுகியதால் புழு தோன்றிற்று என எண்ணுவோர் இன்றும் உளர். உண்மை அதுவன்று. காய் மரத்தில் முற்றும்போதே பெண் பழ ஈ அதன் தோலைத் துளைத்து முட்டையிட்டுச் சென்றிருக்கிறது. (வாழைப்பழத் தட்டில் மொய்க்கும் சிற்றீக்களை நாம் இங்குக் குறிப்பிடவில்லை, அவை வேறொரு குடும்பம்.)

தோப்பில் கண்ட ஈயைக் கைப்பேசியில் படமெடுத்து, "இது எந்த ஈ?" என்று கேட்போர் இந்நாளில் பலர். நல்ல பழக்கமே. ஆனால் பெரும்பாலும் அவர்கள் எடுப்பது முதுகை மட்டுமே. முதுகோ நம்மை ஏமாற்றவல்லது.

நம் மாந்தோப்புகளில் மூன்று இனங்களைக் காண்கிறோம்: டார்சாலிஸ், கரெக்டா, சொனாட்டா. சொனாட்டாவின் முதுகு செம்பழுப்பு. ஆகவே ஓரளவு எளிதில் பிரித்துவிடலாம். மற்ற இரண்டும் கருமுதுகும் பக்கத்துக்கொரு மஞ்சள் கோடும் கொண்டவை. வயிற்றின்மேல் ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற கருங்குறியும் இரண்டுக்கும் உண்டு. இவற்றின் வேறுபாட்டை இறக்கையில் தேடவேண்டும். டார்சாலிஸின் இறக்கை முன்விளிம்பில் மெல்லிய கரும்பட்டை நுனிவரை அறுபடாது ஓடும். கரெக்டாவுக்கோ அப்பட்டை இடையில் அறுந்து, நுனியில் ஒரு புள்ளி மட்டும் நிற்கும். இன்னும் ஐயமெனில் முகத்தைப் பாருங்கள்: டார்சாலிஸின் முகத்தில் தனித்தனியே இரு கரும்புள்ளிகள், கரெக்டாவின் முகத்தில் அவை குறுக்கே நீண்டு ஒன்றையொன்று தொடுவதுபோல் இருக்கும்.

எந்த ஈயானால் என்ன, புழுத்த பழம் புழுத்ததுதானே என்று கேட்கலாம். பாகல், புடலை முதலியவற்றைக் கெடுக்கும் ஈயின் முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள் உண்டு. மாந்தோப்பில் தொங்கவிடும் மெத்தில் யூஜினால் பொறியை அது ஏறெடுத்தும் பாராது. அதன் ஆண் ஈக்களை ஈர்ப்பது கியூலூர் என்னும் வேறொரு மருந்து. ஈயைத் தவறாக அறிந்தவர் வெறும் பொறிக்குச் செலவழிப்பார். ஏற்றுமதியிலோ இழப்பு இன்னும் பெரிது. இந்தியாவிலிருந்து சென்ற சரக்கில் பழ ஈக்கள் காணப்பட்டதால், 2014 மே முதல் நாள் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்துக்குக் கதவடைத்தது. மீண்டும் திறந்தது 2015இல்தான்.

அறிஞர்களும் இதில் இடறியதுண்டு. 2003ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் கென்யாவில் ஒரு பழ ஈ அகப்பட்டது. 2005இல் அதைப் புதிய இனமென்று கருதி 'இன்வேடென்ஸ்', அதாவது படையெடுப்பது, என்று பெயரிட்டனர். அதன் முதுகு சிலவற்றில் செம்பழுப்பு, சிலவற்றில் முழுக்கறுப்பு. பின்னர் உடலமைப்பு, மரபணு, இனச்சேர்க்கை யாவற்றையும் ஒப்பிட்டு, அது டார்சாலிஸே என 2015இல் முடிவு செய்தனர். முதுகின் நிறத்தை மட்டும் நம்பலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? போதாக்குறைக்கு, கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ நிறம் ஏறாமல் வெளுத்திருக்கும்.

ஆகவே, ஈயைச் சிறு புட்டியில் அடைத்துச் சற்று நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள், அசையாது இருக்கும். முதுகு, விரித்த இறக்கை, முகம் என மூன்று படங்கள் எடுங்கள். எந்தப் பழத்தில், எந்நாளில் கிடைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈயை எறிந்துவிடாமல் சாராயத்தில் இட்டு, படங்களோடு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுங்கள். படம் சொல்லாததை அங்கு உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்வார்கள்.