காற்றாலைக்குப் பரீட்சை வைக்கும் ஊர் எது தெரியுமா?

தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு என்றதும் என்ன நினைவுக்கு வரும்? கட்டபொம்மன்! 1799 அக்டோபர் 16, புளியமரம், தூக்குக்கயிறு. அதற்கு மேல் யாரைக் கேட்டாலும் பதில் வராது.

அதே கயத்தாற்றில் காற்றாலைகளுக்குப் பரீட்சை நடக்கிறது, தெரியுமா? ஆமாம், பரீட்சையேதான்! தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இங்கே இருக்கிறது. டென்மார்க் அரசின் உதவியோடு அமைந்தது. எந்த வேகக் காற்றுக்கு எவ்வளவு மின்சாரம் வருகிறது, இறக்கை எவ்வளவு பளுவைத் தாங்குகிறது, காற்று எகிறினால் இயந்திரம் ஒழுங்காக நிற்கிறதா என்று ஒவ்வொன்றாக அளக்கிறார்கள்!

ஏன் கயத்தாறு? செங்கோட்டைக் கணவாய்தான் காரணம்! மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த ஒரு சந்து கிடைத்ததும் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து புறப்பட்டு நேரே இந்தக் கரிசல் காட்டுக்கு வந்துவிடுகிறது!

காற்று எங்கே நன்றாக அடிக்கும் என்று இந்தியாவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? வைரங்களை ஆராய்ந்த ஒரு பெண்! அன்னா மாணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் 30க்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வைப் படம் பிடித்தார். ஒரு படத்துக்கு எத்தனை நேரம் ஆகும் தெரியுமா? 15 முதல் 20 மணி நேரம்! பல இரவுகள் ஆய்வகத்திலேயே தூக்கம்!

தனி ஒருவராக 5 ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். முனைவர் பட்டம் கிடைத்ததா? இல்லை! எம்.எஸ்ஸி. இல்லையே என்று சென்னைப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது! இயற்பியல் படிக்கலாம் என்று 1945இல் லண்டன் போனால், அங்கே கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி மட்டும். சரி என்று அதையே படித்தார்! வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்து ஓய்வு பெற்ற பிறகு, 1983இல் மூலே என்பவரோடு சேர்ந்து இந்தியாவின் காற்று விவரங்களை நூலாகவே வெளியிட்டார். பட்டம் கொடுக்காத பல்கலைக்கழகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை!

கயத்தாற்றிலிருந்து கிழக்கே கடலுக்குப் போவோமா?

முத்துக்குப் பேர்போன தூத்துக்குடியில் கடைசியாக எப்போது முத்துக்குளித்தார்கள் தெரியுமா? 1961! அதன்பின் பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் சிப்பி போதவில்லை. கடல் தராவிட்டால் என்ன, நாமே விளைவிப்போம் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1972இல் வேலையில் இறங்கியது. கே. அழகர்சாமி என்ற விஞ்ஞானி தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் சிப்பிகளைப் பக்குவமாகத் திறந்து, உள்ளே ஒரு குட்டி மணியையும் இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் வைத்தார். 1973 ஜூலையில் உருண்டை முத்து கையில்! அந்த வித்தையை அதுவரை கட்டிக் காத்தவர்கள் ஜப்பான்காரர்கள்! 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் உண்டாக்கிவிட்டார்கள்!

அதே 1973. அதே அழகர்சாமி. ஆனால் இந்த முறை திமிங்கிலம்!

ஜனவரி 14, பொங்கல் அன்று, மன்னார் வளைகுடாக் கரையில் ஒன்றல்ல, பத்தல்ல, 147 பைலட் திமிங்கிலங்கள் வந்து ஒதுங்கின! அழகர்சாமியும் கூட வேலை பார்த்தவர்களும் அதைப் பதிவு செய்து ஆய்வுக் கட்டுரையாக்கினார்கள். பிறகு என்ன ஆனது? 43 ஆண்டுகள் கழித்து, 2016இல், அதுவும் ஜனவரியில், மணப்பாடு, திருச்செந்தூர் பக்கம் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் மறுபடியும் ஒதுங்கின! அதே இனம், அதே மாதம், அதே கடற்கரை! மீனவர்கள் கடலுக்குள் இழுத்து விட்டால் திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன! 1973இன் கட்டுரை அப்போது எவ்வளவு உதவியிருக்கும்!

மறுபடி முத்துக்கு வருவோம். முத்து எப்படி உண்டாகிறது? மழைத்துளி விழுந்து என்பார்கள், மணல் துகள் புகுந்து என்பார்கள். நாடாப்புழுவால் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? லண்டன் ராயல் சொசைட்டி அதை நூலாகவே வெளியிட்டது! ஹெர்ட்மன் என்ற பேராசிரியர் மன்னார் வளைகுடாவின் சிப்பிகளை அலசி 1903 முதல் 1906 வரை 5 பெரிய தொகுதிகள் எழுதினார். நாடாப்புழுக் குஞ்சுதான் முத்தின் கரு என்பது அவர் முடிவு. பின்னால் அது எடுபடவில்லை! அந்த நாளில் சிப்பிக்கு என்ன மவுசு தெரியுமா? 1905இல் இலங்கைப் பக்கம் ஒரே பருவத்தில் எடுத்த சிப்பிகள் 8 கோடிக்கும் மேல்!

ஹெர்ட்மனுக்கு உதவியாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். இந்த மனிதரைப் பற்றிக் கேளுங்கள்! முத்துச்சிப்பியில் தொடங்கினார். 1914இல் சங்கு பற்றி முழு நூல். சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே இயக்குநர். அதற்கப்புறம் கட்டுமரம், தோணி, வள்ளம் என்று படகுகள் மேல் காதல்! நம் கரைப் படகுகளுக்கும் பசிபிக் தீவுப் படகுகளுக்கும் உறவு உண்டு என்று 1920இல் எழுதினார். அதோடு விட்டாரா? பிஜித் தீவுக்குப் போய், பிள்ளைகள் விரல்களில் நூலைக் கோத்து உருவம் செய்யும் விளையாட்டைப் பற்றி 1927இல் ஒரு ஆராய்ச்சி நூல்! சிப்பி, சங்கு, படகு, நூல் விளையாட்டு! ஒரே ஆள்!

கடல் போதும். மண்ணுக்கு வருவோம்!

ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளைத் தோண்டியது யார் தெரியுமா? 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர்! எடுத்ததைப் பெர்லினுக்கே கொண்டும் போய்விட்டார். பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ. தங்க நெற்றிப்பட்டம், வெண்கலம், இரும்பு... அள்ள அள்ள வந்தது!

அங்கே கிடைத்த மண்டை ஓடுகளை ஆராய்ந்து 1930இல் எழுதியவர் யார்? சாலி ஜுக்கர்மன்! அடுத்து அவர் எழுதிப் புகழ்பெற்றது குரங்குகளின் சமூக வாழ்க்கையைப் பற்றி. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று கணக்கிட்டார். கடைசியில் பிரிட்டிஷ் அரசுக்கே தலைமை அறிவியல் ஆலோசகர்! தாமிரபரணிக் கரையின் மண்டை ஓடு அவர் மேசையில் இருந்தது என்பதை ஆதிச்சநல்லூரிலேயே எத்தனை பேர் அறிவார்கள்?

சாயர்புரம், குதிரைமொழி பக்கத்துச் சிவப்பு மணல்மேடான தேரியில் நடந்திருக்கிறீர்களா? உங்கள் காலடியில் கற்கால மனிதர்களின் குட்டிக் குட்டிக் கற்கருவிகள் இருந்திருக்கலாம்! ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் அவற்றைப் பற்றி எழுதினார்கள். சாய்னரின் இன்னொரு சிறப்புத் துறை என்ன தெரியுமா? கல்லாகிப்போன வெட்டுக்கிளிகள்!

பழைய துறைமுகமான கொற்கையை அடையாளம் காண மண்ணைத் தோண்டிப் பார்த்தவர் கால்டுவெல்! ஆம், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே பாதிரியார்தான்! கொற்கையில் பின்னால் எடுத்த ஒரு கரித்துண்டின் காலம் கி.மு. 785. துறைமுகம் எங்கே? இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது!

சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல் கிடைத்தது. காலம் என்ன தெரியுமா? கி.மு. 1155! 2025 ஜனவரியில் வந்த அறிவிப்பு இன்னும் ஒரு படி மேலே: இரும்புப் பொருட்களோடு கிடைத்த கரியின் காலம் கி.மு. 3345! அறிஞர்கள் இதை இன்னும் விவாதிக்கிறார்கள். கரியோடு பானை ஓட்டுக்கும் காலம் கணித்தார்கள். அந்த முறையைப் பாருங்கள்! பானை ஓட்டின் மணல் துகளைத் தூண்டிவிட்டால் அது மினுக்கும். அந்த மினுக்கலை அளந்தால், அது கடைசியாக எப்போது சூளைத் தீயைக் கண்டது என்று சொல்லிவிடலாம்!

மூச்சு வாங்குகிறதா? இதே மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது!

இந்தியாவில் இயற்கையாக வெளிமான் வாழும் தென்கோடி இடம் எது? வல்லநாடு! பரப்பு வெறும் 16 சதுர கிலோமீட்டர் சொச்சம்!

சிமெண்ட் பலகையில் பவளத்தைக் கட்டி வளர்க்கிறார்கள், எங்கே? தூத்துக்குடிக் கடலில்! சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை இது.

இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் குலசேகரன்பட்டினத்தில் ஏன்? அங்கிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டாம், எரிபொருள் மிச்சம்! 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல். அன்றே ஒரு ரோகிணி ராக்கெட்டையும் அங்கிருந்து பறக்கவிட்டார்கள்!

ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் எந்தத் தமிழுக்கு? செந்தமிழுக்கா? இல்லை! முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பேசிய தமிழுக்கு! எழுதியவர் 1546இல் இந்தியாவுக்கு வந்த அண்டிரிக் அடிகளார். 1586இல் புன்னைக்காயலில் 600 பக்கங்களுக்கு மேல் ஒரு தமிழ் நூலையே அச்சிட்டவர்! அவருடைய இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பனில் தூங்கியது. ஜீன் ஹைனும் வி.எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல்தான் ஹார்வர்டு நூல் வரிசையில் வெளிவந்தது. பதினாறாம் நூற்றாண்டுக் கடற்கரைப் பேச்சு அப்படியே காகிதத்தில்! மொழியியல்காரர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

எட்டயபுரம் என்றால் பாரதி. சரி. இசை ஆய்வாளர்களுக்கு எட்டயபுரம் என்றால் யார்? சுப்பராம தீட்சிதர்! 1904இல் அவர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற இசை நூல் 1,700 பக்கங்களை ஒட்டி வரும். அதுவும் தெலுங்கில்! அவரை எழுதத் தூண்டிய சின்னசாமி முதலியார் யார் தெரியுமா? நம் கீர்த்தனைகளை மேனாட்டு ஸ்வரக் குறிப்பில் எழுதி எழுதியே கண்பார்வையை இழந்தவர்!

கடைசியாக, கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டி போகும் வழியில் இடைசெவல். ஒரே சிற்றூரில் சாகித்ய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர்கள் இருவர்! கு. அழகிரிசாமி ஒருவர். மற்றவர் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், விவசாயி. அவர் 1982இல் என்ன செய்தார் தெரியுமா? கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி! சம்சாரிகள் வாயில் புழங்கிய சொற்களைத் திரட்டித் தமிழில் வட்டார அகராதிக்கு வழி போட்டார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டது!

உங்கள் வீட்டு ஆச்சியோ தாத்தாவோ சொல்லும் ஏதாவது ஒரு சொல் அந்த அகராதியில் இல்லையா? இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்தில் ஊர்ப் பெயரையும் தேதியையும் போட மறக்காதீர்கள்!