அலைன்மென்ட் பார்த்தும் கார் ஒரு பக்கம் இழுக்குதா? 'புஷ்' மாற்றும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்று சத்தம். பிரேக் மிதித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் பார்த்தும் டயரின் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. உடனே ஷாக் அப்சார்பர் போச்சு என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், காரணம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் துண்டாகவும் இருக்கலாம். அதுதான் சஸ்பென்ஷன் புஷ்.

புஷ் என்ன செய்கிறது?

சக்கரத்தை காரின் அடிப்பகுதியோடு இணைப்பது லோயர் ஆர்ம். இரண்டும் நேரடியாக மோதாமல் இருக்க, நடுவே ரப்பர் புஷ் வைக்கப்படுகிறது. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது இந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு, மீண்டும் பழைய நிலைக்கு வரும்.

சூடு, ஆயில் கசிவு, வயது ஆகியவற்றால் ரப்பர் வெடித்துவிட்டால், ஆர்ம் இருந்த இடத்தில் நிற்காது. அலைன்மென்ட் பார்ப்பது கார் நின்றுகொண்டிருக்கும்போது. அப்போது சரியாக இருக்கும் சக்கரத்தின் கோணம், பிரேக் பிடித்ததும் மாறிவிடும். புஷ்ஷைக் கவனிக்காமல் அலைன்மென்ட்டுக்கும் புது டயருக்கும் செலவு செய்வது வீண்தான்.

பாலியூரித்தேன் புஷ் நல்லதா?

ரப்பரைவிட கடினமானது பாலியூரித்தேன். கடினத்தன்மையைச் சொல்லும் ஷோர் ஏ அளவில், ரப்பர் புஷ் பொதுவாக 50 முதல் 70 வரை இருக்கும். பாலியூரித்தேன் பெரும்பாலும் 80 முதல் 95 வரை. புஷ் குறைவாக நசுங்குவதால், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் சட்டென்று கேட்கும். வளைவுகளில் பிடிமானமாக இருக்கும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கு. ரோட்டின் அதிர்வும் இரைச்சலும் கூடுதலாக உள்ளே வரும். உரிய கிரீஸ் காய்ந்தால் 'கீச் கீச்' சத்தமும் கேட்கும்.

எல்லா புஷ்ஷையும் மாற்றலாமா?

வேண்டாம். பல முன்சக்கர இயக்க கார்களில் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷை, வேண்டுமென்றேதான் மென்மையாக வடிவமைக்கிறார்கள். பள்ளத்தில் விழும்போது சக்கரம் லேசாகப் பின்னால் போய் அடியைத் தாங்குவதற்காகத்தான் அது. அங்கே கடினமான புஷ் போட்டால், அந்த அடி பாடிக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் போகும்.

ஆசைக்கு மாற்றிப் பார்க்க விரும்பினால் ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷில் தொடங்கலாம். செலவு குறைவு, வளைவில் கார் சாய்வதும் குறையும், சொகுசும் பெரிதாகக் கெடாது.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

* இடது, வலது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

* ரப்பர் புஷ் என்றால், காரின் எடை சக்கரத்தில் இருக்கும் நிலையில்தான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

* லோயர் ஆர்ம் புஷ் மாற்றியதும் அலைன்மென்ட் கட்டாயம்.

* வாரண்டியில் உள்ள கார் என்றால், வெளியில் வாங்கிய புஷ் போடும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் ஆபீஸுக்கும், லீவுக்கு சொந்த ஊருக்கும் போகும் காருக்கு, கம்பெனியின் ஒரிஜினல் ரப்பர் புஷ் புதிதாகப் போட்டாலே போதும். தேய்ந்த புஷ்ஷால் இழந்த பிடிமானம் பெரும்பாலும் திரும்பிவிடும். அடுத்த முறை டயர் மாற்றும் முன், "லிவர் போட்டு புஷ்ஷில் ஆட்டம் இருக்கான்னு பாருங்க" என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லிடுங்க!