ஹரோவின் புள்ளி அந்துப்பூச்சி: அடையாளம் காண்பது எப்படி?

மே முதல் ஆகஸ்ட் வரை லண்டனின் ஹரோ பகுதி வீடுகளின் வாசல் விளக்கைத் தேடி அந்துப்பூச்சிகள் வரும். வெள்ளைச் சிறகில் மிளகுத்தூள் தூவியதுபோல ஒன்று விடிந்த பிறகும் சுவரில் ஒட்டியிருந்தால், அது 'பெப்பர்டு மாத்' ஆக இருக்கலாம். அறிவியல் பெயர் பிஸ்டன் பெட்டுலாரியா.

புள்ளியை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. சிறகை எப்படி வைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெப்பர்டு மாத் அகன்ற சிறகுகளை இருபுறமும் தட்டையாக விரித்து உட்காரும். 'ஒயிட் எர்மின்' சிறகைக் கூரைபோல உடல்மேல் மடித்துக்கொள்ளும். அதன் வயிறு மஞ்சள். 'லெப்பர்டு மாத்' நீண்ட, ஒடுங்கிய சிறகுடையது; வெள்ளை ரோமம் அடர்ந்த மார்பில் ஆறு கரும்புள்ளிகள் தெளிவாகத் தெரியும்.

நிறத்தை நம்ப முடியாததற்குப் பெரிய காரணம் இந்த இனமேதான். முழுக்கக் கறுப்பானதும் உண்டு, இடைப்பட்ட சாம்பல் நிறமும் உண்டு. மான்செஸ்டரில் 1848இல் பதிவான கறுப்பு வகை, 1895க்குள் அங்கே 98 சதவீதமாகிவிட்டது. நிலக்கரிப் புகையில் மரப்பாசிகள் அழிந்து பட்டை கறுத்தது. வெளிறிய பூச்சிகள் பறவைகளின் கண்ணில் எளிதில் பட்டன. 1950களில் ஆய்வாளர் கெட்டில்வெல் இதைச் சோதித்தார். அவர் பூச்சிகளை மரத்தண்டில் வைத்த முறையைப் பலர் குறைகூறினர். கேம்பிரிட்ஜின் மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் ஆறாண்டுகள் 4,864 பூச்சிகளை விட்டுப் பார்த்தார். காற்று தெளிந்த அங்கே பறவைகளுக்கு அதிகம் இரையானவை கறுப்புப் பூச்சிகளே. எனக்கு ஐயம் தீர்த்தது இந்த ஆய்வுதான். 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு நாடெங்கும் கறுப்பு வகை அருகிவிட்டது.

புழுவும் வியப்பானது. அசையாமல் சுள்ளிபோல நீட்டி நிற்கும், கிளையின் நிறத்துக்கே மாறும். கண்களுக்கு வண்ணம் பூசி மறைத்த பிறகும் நிறம் மாறியதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. தோலே நிறத்தை உணர்கிறது!

பிரிட்டன், அயர்லாந்து முழுவதும், ஐரோப்பா, ஜப்பான் வரையிலான மிதவெப்ப ஆசியா, வட அமெரிக்கா ஆகியவை இதன் வாழிடம். யாழ்ப்பாணத்திலோ தஞ்சையிலோ தேடினால் கிடைக்காது. ஹரோவில் பிர்ச், ஓக், ஹாதார்ன் மரங்கள் உள்ள தெருவே போதும்.

பார்த்தால் மேலிருந்து நேராக ஒரு படம் எடுங்கள். தேதியும் இடமும் சேர்த்து மிடில்செக்ஸ் பகுதிக்கான அந்துப்பூச்சிப் பதிவாளருக்கு அனுப்புங்கள். கறுப்பாக இருந்தால் அவசியம் அனுப்புங்கள்.